கெடுத்தால்தான் சம்பளம்

அடுத்தவர் பாடுபட்டு எழுதிய மென்பொருளை உடைத்துக் காட்டினால் சம்பளம் தருகிற புண்ணியத் தொழிலுக்குப் பெயர் டெஸ்டிங். அதில் மாட்டிக்கொண்ட அண்ணன்மார்களே, அக்காமார்களே, நானும் உங்கள் கட்சிதான். ப்ளஸ் டூ முடித்த கையோடு கொடைக்கானலில் ஒரு சின்ன கம்பெனியில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். சீசன் முடிவதற்குள் வேலை நிரந்தரமாகாவிட்டால், அப்பா என்னை ஓட்டல் ரிசப்ஷனில் உட்காரவைத்துவிடுவார். நாளெல்லாம் சிரித்துக்கொண்டே சாவி கொடுக்கிற சோலி. எனக்கு ஆகுமா?

மூட்டை எத்தனை?

எங்கள் மென்பொருள் போன் எடுத்துப் பேசும். காய்கறி ஏற்ற வண்டி வேண்டுமென்றால் ஊர், நேரம், மூட்டைக் கணக்கு என்று பெண் குரலில் கேட்டுப் பதிவு செய்யும். ஆபீஸில் எல்லோரும் செய்தி வாசிப்பதுபோலப் பேசிச் சோதித்தார்கள், தேறிவிட்டது. நான் வில்பட்டி விவசாயியாக மாறினேன். நலம் விசாரித்தேன், அங்கே மழையா என்றேன், நடுவில் மாட்டை அதட்டினேன். அது திரும்பத் திரும்ப மூட்டையைக் கேட்டுப் பார்த்துவிட்டு, நன்றி சொல்லி வைத்துவிட்டது.

இப்படி யாருமே பேசமாட்டார்கள் என்று அந்த மென்பொருளை எழுதிய பிரபு அண்ணன் சாதித்தார். சரியென்று, வில்பட்டியில் கேரட் போடும் எங்கள் சித்தப்பாவையே அந்த எண்ணுக்குப் பேசச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் அவர் என்னைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஏத்தா ஜெனி, யாரு அந்தப் புள்ள? சாப்டியாத்தான்னு கேக்குறேன், அதுக்கு ஒரு பதில் இல்ல. மூட்டை மூட்டைன்னே கெடக்கு."

முதலாளியின் கனைப்பு

பிரபு அண்ணன் அதற்கு 'சாப்ட்டேங்க, நீங்க?' என்று சொல்லக் கற்றுக்கொடுத்த பிறகு, முதலாளி கார்த்திக் சார் தானே எழுதிய குரல் பூட்டைக் கொண்டுவந்தார். அவர் குரலுக்கு மட்டும்தான் கணக்குகள் திறக்குமாம். மறுநாள் ஒரு ஓட்டல்காரரிடம் விற்க ஏற்பாடு. ஆபீஸே வரிசையில் நின்று பேசிப் பார்த்தது, அசையவில்லை.

என் முறை வந்தது. சார் ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னாலும் ஒரு கனைப்பு கனைப்பார், கடைசி வார்த்தையை மூக்கில் இழுப்பார். இரண்டையும் அப்படியே போட்டேன். பூட்டு திறந்துகொண்டது. ரிசப்ஷன் நாற்காலி என் கண்ணில் தெரிந்தது. சார் நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"நாளைக்கு மானம் போயிருக்கும்மா, காப்பாத்திட்ட. அது சரி, நான் பேசறது நெஜமாவே இப்படித்தான் இருக்கா?"

அப்பாவுக்கு ஒரு போன்

அந்த வாரமே சார் என்னை உள்ளே கூப்பிட்டு, வேலை நிரந்தரம் என்றார். பூட்டு என்று எது செய்தாலும் முதலில் என்னைத்தான் தாண்ட வேண்டுமாம். அப்பாவுக்கும் தானே சொல்வதாகப் போன் போட்டார். பால்காரர், சர்ச் பாதர், கரண்ட் ஆபீஸ்காரர் என்று எல்லோர் குரலிலும் நான் அப்பாவை ஏமாற்றியிருப்பது பாவம் சாருக்குத் தெரியாது. கனைத்துக்கொண்டு, உங்கள் பொண்ணு ரொம்பத் திறமைசாலி என்று ஆரம்பித்தார். அப்பா பொறுமையாக முழுக்கக் கேட்டார்.

"ஏ புள்ள, முடிச்சிட்டியா? திங்கக்கெழம ரிசப்ஷன்ல சேரணும், வெள்ளனே எந்திரி."

ஆக, நிரந்தர வேலை கிடைத்ததை நிரூபிக்க முதலாளியே செண்பகனூரில் எங்கள் வீட்டுக்கு வந்து, அப்பா முன்னால் நின்று கனைத்துக் காட்டவேண்டியிருந்த ஒரே ஊழியர் இந்த மலையில் நான்தான்.