வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிய பாதி

பதினாறு வருஷமாக அந்தப் பள்ளியில் வரலாறு நடத்துகிறவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ‘நிப்பாட்டு மிஸ்’. ஒன்பதாம் வகுப்புக்கு ஆண்டுதோறும் ஓர் ஆவணப்படம் போடுவார். ஓர் அரசு யூதர்களை முதலில் கேலி செய்து, பிறகு பட்டியல் எடுத்து, கடைசியில் அறுபது லட்சம் பேரைக் கொன்ற கதை. படம் ஓடும்போது ரிமோட் அவர் கையைவிட்டு இறங்காது. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நிறுத்துவார்.

“இப்ப இந்தக் குரல் சொன்னது பொய். ஏன் பொய்? யாராவது சொல்லுங்க.”

பின்வரிசையிலிருந்து எவனாவது, “மிஸ், ஓட விடுங்க மிஸ். நாங்க நம்பல, சத்தியமா நம்பல” என்று கும்பிடுவான். சிரிப்பு அடங்கியதும் மறுபடி ஓடும்.

படத்தின் முதல் பாதியில் கொலை கிடையாது. அந்த அரசு எடுத்த பிரசாரப் படத்துண்டுகள்தான்: கொடி, முரசு, ஒன்றுபோல விழும் காலடி, மாணவர்களின் மூக்கை அளந்து இனம் பிரிக்கும் வாத்தியார், யூதர்களுக்குப் பக்கத்தில் எலிக்கூட்டம். கம்பீரமான குரலொன்று இதற்கெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டே போகும். அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை, தப்பிப் பிழைத்தவர்கள் இரண்டாம் பாதியில்தான் சொல்வார்கள். முதல் பாதி செவ்வாய், மறுபாதி வெள்ளி. நடுவில் கிடக்கும் நாட்களைத் தாங்கிப் பிடித்தவை அந்த நிப்பாட்டுகள்தான்.

இந்த ஆண்டு பீரியடை நாற்பத்தைந்து நிமிஷத்திலிருந்து நாற்பதாகக் குறைத்துவிட்டார்கள். முதல் பாதியின் நீளம் முப்பத்தெட்டு. நிறுத்தாமல் ஓட்டினால் சரியாக முடியும், பேச்சை வெள்ளிக்கிழமை வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்து, செவ்வாயன்று ஒரு தடவைகூட நிறுத்தாமல் ஓட்டினார். கண்ணால் பார்த்தால் புரிந்துவிடும் என்ற நம்பிக்கை ஆசிரியர்களைப் பிடித்த தொழில் நோய். அவருக்கும் அது இருந்தது.

வெள்ளிக்கிழமை ஆய்வாளர் வருவதாகச் சேதி வந்தது. “டீச்சர், அவரு வர்ற நேரத்துல ரூமை இருட்டாக்கி வச்சீங்கன்னா, என்னைத் தியேட்டர் முதலாளின்னு எழுதிட்டுப் போயிடுவாரு” என்றார் தலைமை ஆசிரியர். அடுத்த வாரம் தேர்வு. அதற்கடுத்த வாரம் திரை இருந்த அறையில் விடைத்தாள் கட்டுகளை அடுக்கிவிட்டார்கள்.

அந்த வகுப்பின் ஒரே யூதப் பெண், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் மகள். அதுவரை யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. முதல் பாதி முடிந்த அன்று பக்கத்தில் இருந்தவளிடம் மெதுவாகச் சொன்னாள்: “அதுல வர்றவங்க எங்க ஆளுங்கடி. எங்க அப்பாவோட தாத்தா வீட்ல ஒருத்தரும் மிஞ்சல.” மதியத்துக்குள் வகுப்பு முழுக்கத் தெரிந்துவிட்டது.

கவராயத்தை விரித்து மூக்கை அளக்கும் விளையாட்டு அப்படித்தான் தொடங்கியது. முதலில் எல்லார் மூக்கும். வகுப்புத் தலைவியின் மூக்குக்குக் ‘குடமிளகாய்’ பட்டம் கிடைத்தது. கண்ணாடிக் கடைக்காரர் மகளும் சேர்ந்துதான் சிரித்தாள். பிறகு அவள் மூக்கை மட்டும் அளந்தார்கள். அவள் உள்ளே வந்தால் தரையில் ஒன்றுபோலக் காலடி விழுந்தது. அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் ஒருவன் அந்தக் கம்பீரக் குரலில் விளக்கம் சொன்னான்.

டீச்சர் கண்டுபிடித்தது அவள் பெஞ்சில் யாரோ வரைந்திருந்த எலியை. வாலின் வளைவு, தூக்கிய முன்னங்கால், எல்லாம் படத்தில் உள்ளபடியே இருந்தன. அவர் நடத்திய எதையும் இவ்வளவு நுணுக்கமாக ஒரு பிள்ளையும் தேர்வில் எழுதியதில்லை.

“யார் வரைஞ்சது?”

“சும்மா ஜோக் மிஸ்” என்றாள் வகுப்புத் தலைவி. “அவளே சிரிச்சா.”

“இப்பவும் சிரிக்கிறாளா?”

“இப்பல்லாம் ஓவரா சீன் போடுறா மிஸ்.”

மறுநாளிலிருந்து அந்தப் பெண் வரவில்லை. டீச்சர் தலைமை ஆசிரியரோடு மல்லுக்கட்டி ஒரு சனிக்கிழமைக் காலையை வாங்கினார். கண்ணாடிக் கடைக்குப் போன் போட்டார். “மீதிப் படத்தையும் காட்டிடறேன். அவங்களுக்குப் புரிஞ்சிடும். பாப்பாவ திங்கக்கிழமை அனுப்பி வைங்க. அவ இந்தப் பள்ளிக்கூடத்தை விட்டுப் போகக் கூடாது.”

“பார்க்கலாம் டீச்சர்” என்றார் அப்பா.

சனிக்கிழமை பழையபடி நிறுத்தி நிறுத்திப் போட்டார். கொல்லப்பட்டவர்களின் செருப்புக் குவியல் திரையில் வந்தபோது விசும்பல் கேட்டது. எலிக்குச் சிரித்தவர்களே அழுதார்கள். வகுப்புத் தலைவி துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். டீச்சருக்கு மூச்சு கொஞ்சம் சீரானது. விளக்கைப் போட்டார்.

“நம்ம வகுப்புல நடந்ததை இப்பப் பேசுவோமா?”

அழுகை பட்டென்று நின்றது.

“மிஸ், அவங்க கொன்னாங்க” என்றாள் வகுப்புத் தலைவி. “நாங்க யாரையாவது கொன்னோமா? எங்களைப் போய் அவங்களோட சேர்க்கறீங்களே!” மறுபடி அவள் கண் நிறைந்தது, இந்தத் தடவை தனக்காக. “ஆமா மிஸ், பாவம் மிஸ்” என்று நாலைந்து பேர் அவளைத் தட்டிக்கொடுத்தார்கள். நிப்பாட்டு மிஸ்ஸிடம் பதினாறு வருஷத்துப் பதில்கள் இருந்தன. எல்லாம் திரையில் இருந்தவர்களைப் பற்றியவை.

திங்கட்கிழமை அப்பா மட்டும் வந்தார், மாற்றுச் சான்றிதழ் வாங்க. படிவத்தில் ‘விலகும் காரணம்’ என்ற கட்டத்தை வகுப்பாசிரியரான டீச்சர்தான் நிரப்ப வேண்டும்.

“நடந்ததை அப்படியே எழுதறேன். மறைச்சா நானும் பொய் சொன்ன மாதிரி.”

“இந்தத் தாள் அடுத்த ஸ்கூலுக்குத்தானே போகுது?” என்றார் அவர். “அவ உள்ள கால் வைக்கிறதுக்கு முன்னாடியே அவ யாருன்னு அங்க தெரிஞ்சிடும்.”

“இன்னும் ஒரே ஒரு மாசம் குடுங்க.”

“உங்க மேல அவளுக்குக் கோபமில்ல டீச்சர். ஆனா கையால மூக்கை மறைச்சிக்கிட்டுதான் பேசுறா. எங்கிட்டயே.”

டீச்சர் பேனாவை எடுத்து ‘குடும்ப இடமாற்றம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அப்பா தாளை வாங்கி இரண்டாக மடித்தார்.

“அங்கயும் இந்தப் பாடம் உண்டா டீச்சர்?”

“எல்லா ஸ்கூல்லயும் உண்டு.”

அவர் தலையாட்டிவிட்டு, தாளைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு படி இறங்கினார்.