நேரலையில் ஒருவர்

திரை இருண்டது. காற்றாடி நிற்கவில்லை. ஜெரிசன் கணினியின் பக்கத் தகட்டில் கையை வைத்துப் பார்த்தான். சூடு குறையவில்லை. உள்ளே எதுவோ இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

கமராவின் வயரைக் கழற்றினான். ஒலிவாங்கியின் வயரைக் கழற்றினான். விசைப்பலகையையும் கழற்றிவிட்டு மறுபடி இயக்கி, மறுபடி மூடும் கட்டளையைக் கொடுத்தான். திரை இருண்டது. காற்றாடி சுழன்றது. உறக்கநிலையில் போட்டுப் பார்த்தான். கொஞ்சம் அடங்கியது. அவன் நிலத்திலிருந்து எழுந்து இடுப்புச் சாரத்தை உதறுவதற்குள் தானாக விழித்துக்கொண்டது.

"உங்கடை அப்பாவைப் போலை," என்றாள் மனைவி லவீனா குசினி அடுப்படியிலிருந்து. "நித்திரை எண்டுதான் படுப்பார். ஆர் என்ன கதைச்சதெண்டு விடியச் சொல்லுவார்."

"பவர் சப்ளையாய் இருக்கும்."

"போன கிழமை மதர்போட் எண்டனீங்கள்."

"அது கடைக்காரன் சொன்னது."

"அவன் உங்கடை மண்டையையும் மாத்தச் சொல்லுவான். மாத்துவீங்களோ?"

ஜெரிசன் வயர்களை ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகினான். அன்று பின்னேரம் இரண்டு வீடு தள்ளி லூர்த்தம்மாவின் அடக்கம். அதற்கு முன் இதற்கொரு வழி பிறக்கும் என்ற எண்ணம் அவனுக்கு இருக்கவில்லை.

கொழும்பில் கட்டடப் படம் வரைகிற கம்பனி ஒன்று மூடப்பட்டபோது கைமாறி வந்த கணினி அது. ஐஸ் நிரப்பிய மீன்பெட்டியின் பாரம் இருக்கும். குருநகரில் அவனோடு படித்தவர்கள் கடலுக்குப் போனார்கள், இல்லையென்றால் பிரான்சுக்குப் போனார்கள். ஜெரிசனுக்கு இரண்டும் ஒத்துவரவில்லை. கடலில் வாந்தி. பிரான்சுக்குப் புறப்பட்டவனைப் பாதி வழியில் பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். கொரோனாவுக்குச் செத்தவீடுகளில் ஆட்கள் கூடக்கூடாது என்றிருந்த நாட்களில் யாரோ கேட்டதற்காகக் கைபேசியில் ஒரு அடக்கத்தை ஒளிபரப்பினான். நோய் போன பிறகும் அந்த வேலை போகவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் பாதிப்பேர் வெளியில் இருந்தார்கள். அழுகையின் இடையில் கமரா எந்தப் பக்கம் என்று கண்ணால் தேடுகிறவர்களை அவன் இப்போது தூரத்திலேயே அறிவான்.

மூட மறுக்கும் கணினியைப் பொத்தானை அழுத்திப் பிடித்து நிறுத்தலாம். அப்படி நிறுத்தியதில் ஒரு கல்யாணப் பதிவு முழுவதும் திறக்க முடியாமல் போயிற்று. பெண்ணின் தகப்பன் வாசலில் நின்று பேசியதை ஒழுங்கையின் எல்லா வீட்டுக்கும் கேட்டது. அதன் பிறகு பொத்தானைத் தொடுவதில்லை. செயலிகளை ஒவ்வொன்றாக மூடினாலும் நடுவில் உறைந்துவிடுகிறது. ஆகவே எல்லாவற்றையும் திறந்தபடி விட்டு, மூடும்படி ஒரே கட்டளையைக் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடுவான். அது எப்போதோ ஒரு நேரத்தில் தன்பாட்டில் அடங்கும்.

மத்தியானம் சாமான்களைக் கொண்டுபோய் இறக்கினான். லூர்த்தம்மாவின் மகள் றெஜினா அவன் கையைப் பிடித்துப் பக்கத்து அறைக்குள் கூட்டிக்கொண்டு போனாள்.

"தம்பி, அம்மா நித்திரையிலை போனதெண்டுதான் அண்ணைக்குச் சொல்லியிருக்கிறம்."

"தெரியும் அக்கா."

அவனுக்கு எல்லாம் தெரியும். றெஜினா ரவுண் கடைத்தெருவில் ஒரு புடைவைக்கடையில் நிற்கிறவள். அவள் முந்தாநாள் காலையில் வேலைக்குப் போன பிறகு லூர்த்தம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். மகள் மத்தியானம் வரும்வரை ஈரத்தில் கிடந்தாள். அவளைத் தூக்கி ஓட்டோவில் ஏற்றியவர்களில் ஜெரிசனும் ஒருவன். ஆசுப்பத்திரி வாசலில் மூச்சு நின்றது.

"அவருக்கு அங்கை பிரான்சிலை விசாவும் இல்லை, ஒண்டும் இல்லை. அகதிக் கேசைத் தள்ளுபடி செய்துபோட்டாங்கள். தாயைப் பாக்க வர ஏலாது. ஒரு அறையிலை தனிய இருக்கிறார்." றெஜினா குரலை இன்னும் இறக்கினாள். "உது காதிலை விழுந்தால் அந்த மனுசன் தன்னை என்ன செய்யுமெண்டு எனக்குத் தெரியாது. சனம் வாய் திறக்கிற இடத்திலை மைக்கை வைச்சிடாதை."

"செபம் சொல்லேக்கை மட்டும் திறப்பன். மற்ற நேரம் பூட்டித்தான் கிடக்கும்."

"சத்தியமாய்?"

"பயப்பிடாதையுங்கோ அக்கா."

சொன்னபடியே செய்தான். கமரா கூடத்தில் பிரேதத்தைப் பார்த்து நின்றது. கணினி பக்கத்து அறையில். பாதர் வந்து செபித்தபோது ஒலியைத் திறந்தான், முடிந்ததும் மூடினான். பெட்டி கோவிலுக்கும் அங்கிருந்து சேமக்காலைக் கல்லறைக்கும் போனபோது கைபேசியோடு பின்னால் போனான். அதன் படம் வீட்டுக் கணினிக்கு வந்து அங்கிருந்துதான் வெளிநாடுகளுக்குப் போனது. அடக்கம் முடிந்து ஆட்கள் வீட்டுக்குத் திரும்பியதும், பெட்டி இருந்த இடத்தில் லூர்த்தம்மாவின் படத்தையும் ஒரு மெழுகுதிரியையும் வைத்துப் பெண்கள் செபமாலை சொன்னார்கள். அதைக் காட்டி முடிப்பது அவனுடைய வழக்கம். ஒலியைத் திறந்தான். செபமாலை முடிந்தது.

அப்போது கடல் பக்கம் இருண்டு மழைக்காற்று அடித்தது. வெளியே பந்தலில் மின்சார வயர்கள் தொங்கின. ஜெரிசன் கட்டளையைக் கொடுத்தான். திரையைக் கழற்றிப் போர்வையில் சுற்றி ஓட்டோவில் வைத்தான். காற்றாடி சுழன்றபடி இருந்தது. எப்போதும் போலத்தானே என்று பந்தலுக்குப் போனான்.

வயரைச் சுற்றிக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. பிரான்ஸ் இலக்கம்.

"தம்பி, அமலதாஸ் கதைக்கிறன்." றெஜினாவின் அண்ணன்.

"சொல்லுங்கோ அண்ணை. எல்லாம் தெளிவாய்த் தெரிஞ்சதோ?"

"தெரிஞ்சது. இப்பவும் தெரியுது." அவர் குரல் நிதானமாக இருந்தது. "மெழுகுதிரி பாதி எரிஞ்சு போச்சு."

ஜெரிசனின் கையிலிருந்து வயர் விழுந்தது. ஓட்டோவுக்கு ஓடித் திரையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் ஓடினான். கைபேசி தோளுக்கும் காதுக்கும் இடையில்.

"பொறுங்கோ அண்ணை, நிப்பாட்டிறன்."

"நிப்பாட்டாதை. றெஜினா கதைக்கிறாள்."

சுவருக்கு அப்பால் பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். யாரோ புட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். ஒரு வாய் சாப்பிடு பிள்ளை என்று அவளுடைய சின்னம்மா கெஞ்சிக்கொண்டிருந்தாள். றெஜினாவின் குரல் ஒரு கிழவியின் குரல்போல உடைந்து கேட்டது.

"அம்மா காலமை விழுந்தவா சின்னம்மா. நான் மத்தியானம்தான் வந்தனான். கடையிலை நிண்டு சிரிச்சுச் சிரிச்சுச் சீலை விரிச்சுக் காட்டிக்கொண்டு நிண்டிருக்கிறன்."

திரையின் வயரைச் செருகினான். ஒளி வந்தது. நடுவில் ஒரு சிறிய பெட்டியில் கேள்வி: நேரலை போய்க்கொண்டிருக்கிறது, உண்மையாகவே மூடவா? அவன் கட்டளையைக் கொடுத்து நகர்ந்ததும் கணினி இதைத்தான் கேட்டிருக்கிறது. பதில் சொல்ல ஆளில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு மூடுவதைக் கைவிட்டிருக்கிறது. மூலையில் பார்வையாளர் எண்ணிக்கை இருந்தது. கனடாவும் லண்டனும் எழுந்து போய்விட்டன. ஒருவர் மட்டும்.

ஆம் என்பதன் மேல் சுட்டியை வைத்தான். அழுத்தவில்லை. காதில் அந்த மனிதர் மூச்சு விடுவது கேட்டது. அதற்குப் பின்னால், இங்கே சொன்னது அங்கே போய்ச்சேரப் பிடிக்கும் நேரம் கழித்து, சுவருக்கு அப்பால் கேட்ட அதே குரல் மறுபடி வந்தது. காலமை விழுந்தவா சின்னம்மா.

அழுத்தினான். சுட்டி வட்டமாகச் சுழலத் தொடங்கியது. திரை உறைந்தது.

"அழாதை பிள்ளை. அவாக்கு நினைவே இருந்திராது," என்றாள் சின்னம்மா அப்பால்.

"நினைவு இருந்தது. ஓட்டோவிலை சொன்னவா. பெரியவன் மூண்டுதரம் போன் அடிச்சவன், எழும்பிப் போய் எடுக்க ஏலாமல் போச்சு எண்டு. அவ்வளவும்தான் சொன்னவா."

ஜெரிசன் குனிந்து சுவரிலிருந்து செருகியைப் பிடுங்கினான். காற்றாடி நின்றது. அந்த அறையில் அவ்வளவு அமைதி இருந்ததென்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டான். மழை தகரத்தில் விழத்தொடங்கியது. முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு அங்கிருந்து சின்னம்மா, அழாதை பிள்ளை என்றாள். அவன் பிடுங்குவதற்கு முன்பே புறப்பட்டுவிட்ட சொற்கள். ஒன்றன்பின் ஒன்றாகக் கடைசிவரை போய்ச்சேர்ந்தன. பெரியவன் மூண்டுதரம் போன் அடிச்சவன். எழும்பிப் போய் எடுக்க ஏலாமல் போச்சு.



"அண்ணை," என்றான் ஜெரிசன்.

"நாலுதரம்," என்றார் அமலதாஸ். "நாலுதரம் அடிச்சனான்."

"அண்ணை, நான்..."

"அவளுக்குச் சொல்லாதை."

இணைப்பு அறுந்தது.

அடுத்த நாள் காலையில் மழை விட்டிருந்தது. ஜெரிசன் பந்தலில் விட்டுப்போன வயரை எடுக்கப் போனான். றெஜினா வாசல்படியில் இருந்து அண்ணனோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தாள். அவர் முகம் மழித்து, வேலைக்குப் போகிற தடித்த சட்டை போட்டிருந்தார். முப்பத்தோராம் நாள் பூசையை எந்தப் பாதரிடம் கேட்பது என்று பேசினார்கள். அம்மா அரியண்டப்படாமல் நித்திரையில் போனது பெரிய ஆறுதல் என்று அவர் சொன்னார். ஓம் அண்ணை என்றாள் றெஜினா. பேசி முடித்து ஜெரிசனுக்குப் பிளேன்ரீ கொண்டுவந்து கொடுத்தாள். அண்ணை தாங்கிக்கொண்டார் தம்பி, நல்ல காலம், என்றாள். அவன் ஓம் என்றான். தேத்தண்ணியைக் குடித்துக் கோப்பையைக் கொடுத்தான்.

வீட்டுக்கு வந்து பதிவைத் திறந்தான். இம்முறை அது பழுதாகியிருக்கவில்லை, கடைசிவரை இருந்தது. செபமாலை முடிகிற இடத்தில் வெட்டி றெஜினாவுக்கு அனுப்பினான். மிச்சத்தை அழித்தான். கடைக்காரன் வந்து பவர் சப்ளையை மாற்றினான். மூடக் கொடுத்துப் பார்த்தார்கள். காற்றாடி சுழன்றது. மதர்போட்தான் என்றான் கடைக்காரன். மத்தியானத்துக்குப் பிறகு நாவாந்துறையிலிருந்து ஒரு செத்தவீட்டுக்குக் கேட்டு வந்தார்கள். ஜெரிசன் கணினியை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனான்.