ஸ்டெல்லா கண்ட படிகம்

ஸ்டெல்லா ஜெபமணி கண்டுபிடித்ததை எங்கள் ஆய்வுக்கூடம் அவர் பெயரில்லாமல் வெளியிட்டது. கூட வேலை செய்த உங்களிடம் இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன்.

செவ்வாய்க்கிழமை காலை கிட்வாய் நகர் வீட்டிலிருந்து அவர் மகள் அழைத்தாள். "அங்கிள், மம்மி போயிட்டாங்க. ஜல்தி வாங்க." மாலையில் ஆய்வுக்கூடத்தின் இரங்கல் குறிப்பு வந்தது. 'திறமையான உதவியாளர்' என்று எழுதியிருந்தார்கள்.

நான் அங்கே கண்ணாடி வேலை செய்தவன். பட்டம் இல்லை, உடைத்து உடைத்துக் கற்றேன். மயிரிழை போன்ற குழாயை நான் இழுத்துக் கொடுப்பேன். ஸ்டெல்லா அதில் எண்ணெயை ஓடவிட்டு, மருந்துக் கரைசலைத் துளித்துளியாக அதற்குள் விடுவார். ஒவ்வொரு துளியும் ஒரு தனிப் பாத்திரம். தூசி புகுந்த துளி சீக்கிரம் படிகமாகும். புகாதது தெளிவாகவே கிடக்கும். வெள்ளிக்கிழமையானால் தெளிந்த துளிகளைத் தோல்வி என்று எழுதிவிட்டுக் குழாயைக் கழுவிவிடுவது எங்கள் வழக்கம்.

ஒரு வெள்ளிக்கிழமை, கழுவப்போன என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, அதுல கை வச்சீங்கன்னா இனி மீன்குழம்பு கிடையாது."

"சும்மாதானம்மா கிடக்கு?"

"சும்மா கிடக்கல, யோசிச்சுக்கிட்டு கிடக்கு. உங்கள மாதிரி அவசரக்குடுக்கை இல்ல."

பதினோரு நாள் காத்தார். பன்னிரண்டாம் நாள் ஒரே ஒரு துளியில் ஊசி ஊசியாகப் படிகம். அறையில் இருந்த உங்களில் நால்வரும் நானும் பார்த்தோம். தூசி புகுந்து முன்பே படிகமானவை கட்டிகளாக இருக்க, அதே மருந்து வேறு வடிவில் நின்றது. தண்ணீரில் எளிதாகக் கரைந்து உடம்பில் சீக்கிரம் சேரும் வடிவம். தலைமை விஞ்ஞானி எட்டிப் பார்த்து, "குழாயில் அழுக்கு" என்றார். மறு ஆண்டு கட்டுரை வந்தபோது, அழுக்கு என்றவர் பெயர் முதலில் இருந்தது. முனைவர் பட்டம் இல்லாதவர் பெயரைப் போடும் வழக்கம் இல்லையாம்.

ஸ்டெல்லா அதைப் பெருந்தன்மையாக விட்டுவிட்டார் என்று இப்போது சிலர் பேசுகிறார்கள். பொய். ஆய்வுக்கூட இயக்குநருக்கு மூன்று முறை கடிதம் எழுதினார். "எனக்கு மாலை வேண்டாம் அண்ணாச்சி. பாத்தது நான்னு எழுதணும், அவ்வளவுதான்" என்பார். பதில் வரவில்லை. அந்தக் கடிதங்களின் நகல்கள் என்னிடம் இருக்கின்றன. அவருடைய பிடிவாதமும் இனி என்னிடம்தான்.

தலைமை விஞ்ஞானி இதழுக்குத் திருத்தம் எழுத வேண்டும். முதல் பெயர் ஸ்டெல்லாவுடையது. இயக்குநர் ஸ்டெல்லாவின் ஆய்வேட்டை அலமாரியிலிருந்து எடுத்து, மகளுக்கு நகல் தர வேண்டும். பன்னிரண்டாம் நாள் அந்த அறையில் நின்ற நீங்கள் நால்வரும், பார்த்ததைப் பார்த்தபடி எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஐந்தாவது ஆள் நான். என் கையெழுத்தைப் போட்டாயிற்று.