மலைக்கு முதல் ஆனையிறவு

அன்றைக்கு எங்கள் அரியாலை வீட்டு விறாந்தையில் இருந்தது ஐந்து பேர். அம்மா, சித்தப்பா, தம்பி, மீன் கொண்டுவந்த யோசேப்பு அண்ணை, நான். என் தையல் மெசினையும் சேர்த்தால் ஆறு. அந்த நாட்களில் வீட்டில் என்னைவிட அதற்குத்தான் மரியாதை கூட.

இந்தக் கணக்கு இப்போது ஏன் என்று கேட்பீர்கள். போன மாதம் ஒருநாள் தம்பியின் மகள் சுவிஸில் ஒரு கடைக்குள் நின்றுகொண்டு போனில் முகம் காட்டி அழைத்தாள். குளிர்காலத்தில் மலை ஏறப் போகிறாளாம். யாரும் துரத்தவில்லை, சும்மா ஆசைக்கு. அதற்கு முதுகுப்பை வாங்க வந்திருக்கிறாள், தகப்பனும் பக்கத்தில் நிற்கிறான். ஒவ்வொரு பையாகத் தூக்கிக் காட்டினாள். பனிக்கோடாலி கொழுவ ஒரு வளையம், இடுப்பில் பூட்ட ஒரு பட்டி, தண்ணீர்க் குழாய்க்கு ஓர் ஓட்டை. இது முப்பத்தைந்து லீற்றர், அது நாற்பத்தைந்து லீற்றர் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பையை லீற்றரிலா அளப்பது? மண்ணெண்ணெயைக்கூட நாங்கள் போத்தலில்தானே அளந்தோம்.

பிறகு ஒன்றைத் தோளில் போட்டுத் திரும்பி நின்று முதுகைக் காட்டினாள். கடும் பச்சை. என்ன ஏது என்று யோசிக்க முதல் என் வாய் சொல்லிவிட்டது.

"பச்சை வேண்டாம் பிள்ளை."

"ஏன் மாமி?"

போனில் கடையின் பாட்டு மட்டும் கேட்டது.

அதே பச்சைதான். எண்பத்தைந்தோ, எண்பத்தாறோ, தம்பி பட்டணத்திலிருந்து சைக்கிளில் வந்து இறங்கினபோது அவன் முதுகில் இருந்ததும் இதே நிறம்தான். தடித்த கன்வஸ் துணி, பித்தளைக் கொழுக்கி, இரண்டு தோளுக்கும் வார். யாரோ வெள்ளைக்காரன் விட்டுப்போனது என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். தம்பி அதைக் கழற்றாமலே விறாந்தையில் இரண்டு தரம் மேலும் கீழும் நடந்து காட்டினான், கலியாண வேட்டி கட்டிப் பார்க்கிற மாப்பிள்ளை மாதிரி.

விஷயம் இதுதான். அவன் வெளிநாடு போக ஏஜென்சிக்காரரோடு பேசி முடித்திருந்தோம். அம்மாவின் தாலிக்கொடி தவிர மிச்ச நகை எல்லாம் போயிருந்தது. கடைசி நேரத்தில் அந்த ஆள் சொல்லிவிட்டார், அங்கே ஒரு மலையை நடந்து கடக்க வேண்டிவரும், மார்கழி மாதம், பனி கொட்டிக் கிடக்கும் என்று. "பெட்டி கிட்டி கொண்டுவராதையும். முதுகிலை போடுற பை வேணும். கை ரெண்டும் சும்மா இருக்கவேணும்." அந்தக் கை ரெண்டும் என்பதைக் கேட்ட நாள் முதல் எனக்கு நித்திரை இல்லை. எதைப் பிடிப்பதற்குக் கை சும்மா இருக்க வேண்டும்? விழுந்தால் பிடிக்கவா? பனிமலைப் பாடம் ஒன்பதாம் வகுப்பில் வருமோ என்னவோ, நான் எட்டோடு நின்று மெசினுக்கு முன்னால் இருந்துவிட்டேன். எங்கள் ஊரில் மலை என்று ஏற ஒரு மேடுகூடக் கிடையாது. குளிர் என்றால் மார்கழி விடியப்புறம் கிணற்றடியில் பல் கிடுகிடுப்பதுதான்.

குளிருக்கு எங்கள் வீட்டில் இருந்த ஒரே நிபுணர் சித்தப்பா. நுவரெலியாவில் ஒரு கந்தோரில் கிளாக்காக இருந்தவர். எண்பத்துமூன்றுக் கலவரத்தில் எல்லாம் எரிய, ஒரேயொரு றெக்சின் பையோடு கப்பலில் காங்கேசன்துறையில் வந்து இறங்கியவர். அதற்குப் பிறகு கல்யாணமும் இல்லை, கந்தோரும் இல்லை. சித்திரை வெயிலிலும் கழுத்தில் மஃப்ளர். யாராவது வேர்க்குது என்றால், "நுவரெலியாவிலை இந்த நேரம்..." என்று தொடங்குவார். தம்பியின் பயணம் பொருந்திய நாளிலிருந்து அவர் ஒரு பத்து வயது குறைந்துபோனார். முதல்முறையாக வீட்டில் ஒருவருக்கு அவருடைய குளிர் தேவைப்பட்டது.

அவர் பச்சைப் பையைத் தடவிப் பார்த்துவிட்டு, மலைக்குத் தோதான சாமான் என்று தீர்ப்புச் சொன்னார். அம்மாவுக்குத்தான் முகம் மாறியது.

"உதோடை ஆனையிறவு தாண்டுவியே?"

தம்பி கொடுப்புக்குள் சிரித்தான். மலை ஏறப் போறது நான், அதுக்கு எது வேணுமெண்டு எனக்குத் தெரியும் என்றான்.

நான் சொன்னேன்: "மலைக்கு முதல் ஆனையிறவு இருக்கடா."

அது எவ்வளவு சரி என்று அந்தக் காலத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். கொழும்புக்குப் போகிற பஸ் எல்லாம் ஆனையிறவு ஆமி முகாமில் நிற்கும். பெடியன்களை இறக்கி வரிசையில் விடுவார்கள். இருபது வயதுப் பெடியன், முதுகில் பச்சைக் கன்வஸ் பை. இயக்கப் பெடியன் என்றே முடிவு கட்டிவிடுவார்கள், அவனிடம் கேள்வியே கேட்கமாட்டார்கள். அப்படி இறக்கப்பட்டுத் திரும்பி ஏறாத ஒருவன் எங்கள் ஒழுங்கையிலேயே இருந்தான். அவனுடைய தாய் அம்மாவோடு கோயிலுக்கு வருகிறவ.

ஆகவே மலைக்குச் சரியான பை ஆனையிறவுக்குப் பிழை. ஆனையிறவுக்குச் சரியான பை மலைக்கு உதவாது. இதை வைத்துக்கொண்டு நாங்கள் ஒரு கிழமை மண்டையை உடைத்தோம். எனக்கு ஒரு குணம், கவலைப்படத் தொடங்கினால் கை சும்மா இராது. சித்தப்பாவின் றெக்சின் பையை எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தேன். மண்ணிறம், இரண்டு கைபிடி, பார்த்தால் கிளாக்கர் வீட்டுப் பிள்ளை இன்டர்வியூவுக்குப் போகிறான் என்று சொல்லும் பை. இதற்கு வார் வைத்துத் தைத்து, வாரை உள்ளே மடித்து ஒரு துணிமூடிக்குள் ஒளித்தால் என்ன? கொழும்பு வரைக்கும் கைப்பை. அங்காலே இழுத்து வெளியே எடுத்தால் முதுகுப்பை.

வாருக்குத் துணி? கடையில் கிடைத்தது எல்லாம் நாடா மாதிரி. என் கண் விறாந்தை மூலையில் மடித்து வைத்திருந்த அப்பாவின் சாய்மனைக் கதிரையில் போய் நின்றது. நீல வெள்ளைக் கோடு போட்ட தடித்த துணி. அவர் செத்து நாலு வருசம், அதில் ஒருவரும் இருப்பதில்லை. நான் அதைப் பார்ப்பதை அம்மா பார்த்தா. ஒன்றும் பேசாமல் எழும்பிப் போய்த் தானே துணியைக் கழற்றிக்கொண்டுவந்து என் மடியில் போட்டா. நான் ஒவ்வொரு வாரையும் நாலு மடிப்பாக்கி, மேலே மேலே தைத்து இரண்டு ஊசியை முறித்தேன். மிஞ்சின பச்சைப் பையை வீட்டில் வைத்திருக்கவும் பயம். வெட்டி மெசினுக்கு உறை தைத்துவிட்டேன்.

அப்போதுதான் சித்தப்பா வாயைத் திறந்தார். நுவரெலியாவில் அவருடைய றெக்சின் சப்பாத்து ஒரு மார்கழியில் வெடித்துப் பிளந்ததாம். "குளிரிலை றெக்சின் அப்பளம் மாதிரி."

இதை முதலே சொன்னால் என்ன! எனக்குக் கண்முன்னே தெரிகிறது, மலை நடுவில் பை வெடிக்கிறது, தம்பியின் சுவெற்றர் எல்லாம் பள்ளத்தில் பறக்கிறது. சோற்றுக்கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டேன். நான் பார்த்திராத பனியில் நான் பார்த்திராத மலை, ஆனால் பை மட்டும் என் தையல்.

அந்த நேரம் படலையில் மணி அடித்துக்கொண்டு பாஷையூர் யோசேப்பு அண்ணை வந்தார். சைக்கிள் கரியரில் மீன்பெட்டி. கதையைக் கேட்டார், பையை வாங்கி நிறை பார்க்கிற மாதிரித் தூக்கிப் பார்த்தார்.

"இதுக்கே தங்கச்சி அழுகிறாய்? என்ரை ஐஸ்பெட்டியிலை ஒருநாள் கிடக்கட்டும். அதைவிடக் குளிர் அந்த நாட்டிலையும் இராது."

ஒருவருக்கும் அதில் பிழை தெரியவில்லை. சித்தப்பா, அதுதான் விஞ்ஞானம் என்றார். பையைப் பொலித்தீனில் சுற்றி, சணலால் கட்டி அனுப்பினோம். அடுத்தநாள் கொண்டுவந்து விறாந்தையில் போட்டார். டொக் என்று பலகை விழுந்த சத்தம். சித்தப்பா மடித்தார், நீட்டினார், மஃப்ளரைக் கழற்றி வைத்துவிட்டுக் காலாலும் ஒன்று போட்டார். வெடிக்கவில்லை. என் தையலும் ஓர் இழை விடவில்லை. நாங்கள் ஐந்து பேரும் கை தட்டினோம்.

பிறகு ஐஸ் உருகத் தொடங்கியது.

பொலித்தீன் எங்கேயோ கிழிந்திருக்கிறது. வாளை, திருக்கை, கும்பளா, எல்லாம் சேர்ந்து ஒரு மணம். புளி போட்டுக் கழுவினேன். தேசிக்காய் தேய்த்தேன். வெயிலில் காயவிட்டால் ஊரிலுள்ள பூனை எல்லாம் கிணற்றடியில் கூட்டம். பயணம் வெள்ளிக்கிழமை. அம்மாவுக்குப் பையைச் சாமியறையில் வைத்து விபூதி போட்டு அனுப்ப ஆசை. மச்ச மணத்தோடு வெள்ளிக்கிழமை சாமியறைக்குள் எப்படி விடுவது? வாசற்படிக்கு வெளியே வைத்து, உள்ளேயிருந்து கையை நீட்டி விபூதி போட்டா. நான் சாம்பிராணிப் புகை பிடித்தேன். கடைசியில் அது திருவிழாவுக்குப் போன மீன்சந்தை மாதிரி மணத்தது. தம்பி மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதோடை என்னைப் பிளேனிலை ஏத்துவாங்களோ?" என்றான். அதுதான் அவன் வீட்டில் சொன்ன கடைசிப் பகிடி. பஸ் கொடிகாமம் தாண்டியிருக்கும், ஆனையிறவில் நின்றிருக்கும் என்று நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அன்றைக்கு ஒரு சட்டைக்குக் கையை மாறித் தைத்தேன்.

கொழும்புக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று மூன்றாம் நாள்தான் ஆள் வந்து சொன்னது. ஆனையிறவில் நடந்ததைத் தம்பி வெகுகாலம் கழித்துச் சொன்னான். சிப்பாய் பையின் ஸிப்பைத் திறந்தானாம், முகத்தைச் சுழித்து, "கரவலத?" என்றானாம். கருவாடோ என்று. சித்தப்பா சொல்லிக்கொடுத்த ஒரேயொரு சிங்களச் சொல்லை வைத்துத் தம்பி "ஓவ்" என்று தலையாட்ட, அடியில் கைவைத்துத் தடவாமலே தள்ளிவிட்டானாம். எனக்கு இன்றைக்கும் முழு நம்பிக்கை இல்லை. அந்தச் சிப்பாய்க்கும் சாப்பாட்டு நேரமாக இருந்திருக்கலாம். ஆனால் யோசேப்பு அண்ணை சாகும்வரை, "உன்ரை தம்பியை வெளிநாடு அனுப்பினது நான்" என்றுதான் சொல்லித் திரிந்தார். நாங்களும் மறுக்கவில்லை.

மலையடியில் என்ன நடந்தது தெரியுமா? வழிகாட்டி வந்தவன் எல்லாரையும் நிறுத்தி, பைகளை இங்கேயே போடுங்கோ என்றுவிட்டான். பாரத்தோடு நடந்தால் விடியமுதல் கடக்க ஏலாதாம். பதினொரு பேரின் பை பனிக்குள் குவியலாகக் கிடந்ததாம். தம்பி சவர அலகால் என் வார் இரண்டையும் வெட்டி எடுத்தான். பாட்டா சப்பாத்து பனியில் வழுக்கியதால் ஒவ்வொரு காலிலும் ஒவ்வொன்றைச் சுற்றிக் கட்டிக்கொண்டு நடந்தானாம். அப்பாவின் கதிரைத் துணி. தம்பியின் கடிதத்தில் இதை அம்மாவுக்கு நான் வாசித்துக் காட்டியபோது அவ அந்த இடத்தைத் திரும்ப வாசிக்கச் சொன்னா. அவ்வளவுதான்.

ஒருவனுக்காக ஒரு கிழமை பை தேடினவள் நான். தொண்ணூற்றைந்தில் ஆமி வருகுதென்று யாழ்ப்பாணத்து முழுச் சனமும் ஒரே நாளில் வெளிக்கிட்டபோது எனக்கென்று ஒரு பை இருக்கவில்லை. அகப்பட்ட உரப்பையில் அகப்பட்டதைத் திணித்தேன். நாவற்குழிப் பாலத்தில் மழை, இருட்டு, சனத்தின் மேல் சனம். ஒரு கையில் உரப்பை, மறு கையில் அம்மா. கை ரெண்டும் சும்மா இருக்கவேணும் என்று அந்த ஏஜென்சிக்காரர் சொன்னது அந்தப் பாலத்தில்தான் எனக்கு விளங்கியது. சித்தப்பா மஃப்ளரோடு பின்னால் வந்தார், கொடிகாமம் வரைக்கும் வந்தார். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் காய்ச்சலில் போனார். குளிருது என்று சொல்லிக்கொண்டே போனார்.

திரும்பி வந்தபோது வீடு சுவராக நின்றது. விறாந்தை இல்லை. பச்சை உறையோடு மெசினும் இல்லை. பாஷையூரில் யோசேப்பு அண்ணையின் ஐஸ்பெட்டி இருந்த கொட்டில் நின்ற இடத்தில் கடல்தான் தெரிந்தது. இப்போது அம்மாவும் இல்லை.

மருமகள் பச்சையைத்தான் எடுத்தாள். "மாமி, பனியிலை தூரத்துக்குத் தெரியும்" என்றாள். தெரியட்டும். அங்கே எந்த வழியிலும் அவளை மறித்து நிறுத்தி அதைத் திறக்க ஒருவரும் இல்லை. போனை வைக்கமுதல் தம்பி பையை வாங்கி, வார் தோளோடு சேருகிற இடத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தான். கடைக்காரி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

நேற்று மலையுச்சியிலிருந்து படம் அனுப்பியிருக்கிறாள். வெள்ளைக்கு நடுவில் ஒரு பச்சைப் புள்ளி. இரண்டு கையையும் மேலே தூக்கி விரித்துக்கொண்டு நிற்கிறாள். பார்த்தவுடன், இந்தா பாருங்கோ என்று அந்த விறாந்தையில் இருந்தவர்களிடம் சொல்லப் பக்கத்தில் திரும்பினேன்.