வடக்கு வாசலுக்கு எதிர்வீடு

தையல்காரி கல்யாணமாகி அந்தச் சந்துக்கு வந்தபோது வீட்டைப் பார்த்துப் பூரித்துப் போனாள். பூரிப்பு ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. பிறந்த வீட்டில் தகரக் கூரை. கையைத் தூக்கினால் இடிக்கும். இங்கே கூரை எங்கேயோ உயரத்தில் இருந்தது. மின்விசிறியை நீளமான கம்பியில் தொங்கவிட்டிருந்தார்கள். அப்படியும் காற்று கீழே வந்து சேர்வதற்குள் களைத்துவிடும். சுவரில் ஆணி அடித்தால் ஆணிதான் வளையும்.

வீடு தேவாலயத்துக்குச் சொந்தம். கப்பலேறி வந்த வெள்ளைக்காரர்கள் தேவாலயத்தைக் கட்டியபோதே, மணி அடிப்பவன் குடும்பத்தோடு தங்கட்டும் என்று வடக்குப் பக்கத்துச் சந்தில் இதையும் கட்டியிருந்தார்கள். அவளுடைய மாமனார்தான் கடைசியாகக் கயிற்றைப் பிடித்து இழுத்தவர். மணிக்கு மோட்டார் வந்தது, அவர் வேலை போனது, வீடு மட்டும் குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டது. அவருடைய மகன் தண்ணீர் லாரி ஓட்டப் போனான். ஊர் முழுக்கத் தொட்டியை நிரப்பிவிட்டு, வீட்டுக்கு வந்தால் சொந்தத் தொட்டி காலியாக இருக்கும். அவளைக் கட்டிக்கொண்டவன் அவன்தான்.

வீட்டோடு ஒரு தொல்லையும் சேர்ந்து வந்தது. தேவாலயத்தின் வடக்கு வாசலுக்கும் அவள் வீட்டுக்கும் ஒரே மாதிரிக் கதவு. மேலே அரைவட்ட வளைவு, அதே பச்சைச் சாயம், அதே இரும்புக் குமிழ்கள். நடுவில் சின்னச் சந்து. பெரிய வாசல் வழியாக உள்ளே போன சுற்றுலாக்காரர்கள் பீடத்தைப் பார்ப்பார்கள், தரையில் பதித்த கல்லறைக் கற்களைப் பார்ப்பார்கள், வடக்கு வாசல் வழியாக வெளியே வருவார்கள். வந்த வேகத்தில் எதிர்க்கதவுக்குள் நுழைந்துவிடுவார்கள்.

முதன்முதலில் நுழைந்தவர்கள் ஒரு கணவன் மனைவி. தையல்காரி மெஷினில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். அந்த ஆள் கழுத்தை வளைத்துக் கூரையையே பார்த்தான்.

“இது எந்தக் காலத்துக் கட்டடம்மா?”

“என் மாமனார் காலத்துல இருந்தே இருக்கு.”

“இந்த மெஷினும் அப்ப உள்ளதுதானா?”

“இது எங்கம்மா எனக்குக் கொடுத்தது.”

அவன் மெஷினைப் படம் எடுத்தான். பின்னால் கொடியில் காய்ந்த லுங்கி கண்ணில் பட்ட பிறகுதான் மனைவிக்கு விஷயம் உறைத்தது. “ஐயோ, வீடுங்க இது” என்று கணவனின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். அவன் போகிற போக்கில் வாசற்படியில் கால் இடித்துக்கொண்டான்.

பிறகு அது பழகிவிட்டது. ‘இது வீடு’ என்று தையல்காரியின் கணவன் ஒரு பலகை எழுதி மாட்டினான். வந்தவர்கள் பலகையையும் படம் எடுத்தார்கள். கதவைச் சாத்தி வைத்தால் உள்ளே வெந்து போகலாம்; ஊசியில் நூல் கோர்க்க வெளிச்சமும் இருக்காது. அதனால் கதவு திறந்தே இருந்தது.

வருஷங்கள் போகப் போகச் சந்து மாறியது. ஒரு வீடு தங்கும் விடுதி ஆனது. இன்னொன்றில் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் விற்றார்கள். நாலு வீடு தள்ளி இருந்த நாத்தனார் முன்னறையைக் காபிக் கடைக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, பின்னறையில் உட்கார்ந்து, காபிக் கடையின் கூட்டத்தைத் தன் கூட்டம் மாதிரிப் பெருமை பேசினாள். தையல்காரியின் வீட்டில் மட்டும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பள்ளிச் சீருடை, ரவிக்கை, எப்போதாவது பீடத்துக்கு விரிக்கும் துணி.

ஒரு மதியம் ஒரு அம்மாள் வாசலில் வந்து நின்றாள். அவள் கூரையைப் பார்க்கவில்லை. தையல்காரியின் முகத்தைத்தான் பார்த்தாள். புடவைத் தலைப்பை இடுப்போடு இறுக்கிப் பிடித்திருந்தாள்.

“தங்கச்சி, ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே?”

“நேரா உள்ள போங்க. பின்கட்டுல வலது கைப்பக்கம். வாளியில தண்ணி இருக்கு.”

நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து, இந்த ஒரு கை முடியட்டும், இந்த ஒரு கழுத்து முடியட்டும் என்று அடக்கிக்கொண்டே தைப்பவளுக்கு, அந்த நிற்பு என்ன நிற்பு என்று சொல்லித் தர வேண்டியதில்லை. திரும்பி வந்த அம்மாளின் முகம் கழுவி விட்டாற்போல இருந்தது. படியில் உட்கார்ந்து, சின்ன மகளுக்கு வரன் பார்க்கிற கதையிலிருந்து மூத்த மருமகன் வீட்டுச் சண்டை வரைக்கும் சொல்லிவிட்டுத்தான் எழுந்தாள்.

அந்த அம்மாள் வந்த சுற்றுலாக் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு வந்தவர் ஒரு வழிகாட்டி. கூட்டம் சிதறாமல் இருக்கச் சிவப்புக் குடையைத் தூக்கிப் பிடித்தே நடப்பார் என்பதால் சந்தில் அவருக்குக் குடைக்காரர் என்றே பெயர். அவர் அடுத்த முறை தேவாலயத்துக்குள் நின்று பேசும்போதே சொல்லத் தொடங்கிவிட்டார்: “இந்தப் பக்கம் ஞானஸ்நானத் தொட்டி. அந்தப் பக்கம் கல்லறைக் கற்கள். அவசரம் உள்ளவங்க வடக்கு வாசல்ல இறங்கினா எதிர்லயே அக்கா வீடு.”

வந்தார்கள். முழங்கால் வலிக்காரிகள் வந்தார்கள், வாயும் வயிறுமாக இருந்த பெண்கள் வந்தார்கள், சர்க்கரை வியாதிக்காரர்கள் கூச்சத்தோடு வந்தார்கள். யாராவது காசு நீட்டினால் அவள் வாங்கவில்லை. வாங்கினால் கடையாகிவிடும், கடையை நினைத்தபோது சாத்த முடியாது என்று அவளுக்கு ஒரு கணக்கு. ஒருத்தி மட்டும் மெஷின் மேல் ஒரு சோப்பை வைத்துவிட்டுப் போனாள். அதை எடுத்துக்கொண்டாள்.

கணவனுக்குப் பொறுக்கவில்லை.

“லாரி ஸ்டாண்டுல என்னை என்னன்னு கூப்பிடுறாங்க தெரியுமா? நம்ம வீட்டுக்கு இருக்கிற பேரு இந்த ஊர்ல எந்த ஓட்டலுக்கும் இல்ல.”

“நல்ல பேர்தானேங்க?”

“நல்ல பேர்தான். அதைச் சொல்லிக் கூப்பிடும்போதுதான் கஷ்டமா இருக்கு.”

ஆனாலும் லாரியைச் சந்து முனையில் நிறுத்தி, கடைசியாக மிஞ்சும் தண்ணீரைக் குழாய் போட்டு வீட்டுத் தொட்டியில் விட்டுவிட்டுத்தான் படுப்பான். நாத்தனார்தான் விடவில்லை. “ஊர் மலத்தைக் கழுவத்தான் உன்னை எங்க வீட்டுக்குக் கட்டிக் கொடுத்தாங்களா?” என்று காபிக் கடைக்காரன் காதுபடவே கேட்டாள். தையல்காரி நாத்தனாரின் ரவிக்கையை மட்டும் இரண்டு வாரம் தாமதமாகக் கொடுத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாம் ஒன்றாகக் கூடி வந்தது. பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள். லாரி பழுதாகி மெக்கானிக்கிடம் கிடந்தது. மதியத்துக்குள் தொட்டி வறண்டுவிட்டது. “தண்ணி இல்லைங்க, மன்னிச்சுக்கோங்க” என்று அவள் வாசலில் நின்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருவன் கேட்காமல் உள்ளே போய், மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான்.

இரண்டு நாள் கழித்துக் கல்லூரியில் படிக்கும் மகள் ஃபோனைக் கொண்டுவந்து காட்டினாள். தேவாலயத்தைப் பற்றி மக்கள் எழுதும் இடத்தில் அவன் எழுதியிருந்தான். தேவாலயம் அருமை, தூண்கள் அருமை, எதிர்வீட்டுக் கழிப்பறை படுமோசம், சுத்தம் என்றால் என்னவென்றே தெரியாதவர்கள். ஐந்து நட்சத்திரத்தில் ஒன்று.

“இதையெல்லாம் பெரிசா எடுத்துக்காதம்மா” என்றாள் மகள்.

அவள் பெரிதாகத்தான் எடுத்துக்கொண்டாள். காலையும் மாலையும் தேய்த்துக் கழுவுகிறவள் அவள். தைத்த துணியில் குறை சொன்னால் பிரித்துத் தைத்துக் கொடுக்கலாம். இதை எதைப் பிரித்து எதைத் தைப்பது? அன்றைக்குக் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். விளக்கைப் போட்டுக்கொண்டு, வியர்வை சொட்டச் சொட்டத் தைத்தாள்.

தட்டினார்கள். “இந்த வீடுன்னுதான் சொன்னாங்க” என்று வெளியே பேசிக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் நின்றார்கள், போனார்கள். அவள் சக்கரத்தின் மேல் கையை வைத்தபடி, மூச்சுச் சத்தம்கூடக் கேட்காமல் உட்கார்ந்திருந்தாள். திருடி மாதிரி இருந்தது. கடைசியில் ஒரு சின்னப் பெண் குழந்தையின் அழுகைச் சத்தமும், “இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கடா கண்ணு” என்று தாய் கெஞ்சுவதும் கேட்டன. எழுந்து போய்த் தாழைத் திறந்தாள். குழந்தையைத் தானே தூக்கிக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினாள். வழியிலேயே அவள் புடவை நனைந்துவிட்டது.

புடவையை மாற்றிக்கொண்டு நேராகத் தேவாலயத்தின் பங்குச் சாமியாரைப் பார்க்கப் போனாள். அவர் அந்தத் தேவாலயத்துக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. அலுவலக மேசையில் மெழுகுவர்த்திப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

“சொல்லுங்கம்மா.”

“சாமி, கோயிலுக்கு ஒரு கக்கூஸ் வேணும்.”

அவர் சிரிப்பை அடக்கினார். “எனக்கும் ஆசைதான். பழைய கட்டடம்மா. ஒரு கல்லை எடுக்கணும்னாலும் அரசாங்கத்துல அனுமதி வாங்கணும். முன்னாடி இருந்த சாமியார் கேட்டே ஓய்ஞ்சு போயிட்டார்.”

“இதைக் கட்டினவங்களுக்கும் வயிறு இருந்திருக்கும்ல சாமி? அவங்க எங்க போனாங்க?”

இந்த முறை அவரால் அடக்க முடியவில்லை. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டபோது, எதிரில் இருந்தவள் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தார். அவள் தைரியமாக எல்லாவற்றையும் சொன்னாள். தண்ணீர் வறண்டது, ஃபோனில் எழுதியது, இன்றைக்குக் குழந்தை. சொல்லும்போது குரல் உடைந்தது. அது அவளுக்கே ஆச்சரியம். சாமியார் ஒரு தம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

“பழைய கட்டடத்தைத் தொடத்தான் அனுமதி வேணும். உடைஞ்ச நாற்காலி போட்டு வச்சிருக்கமே, அந்த ஷெட்டு பழசு இல்ல. அதைப் பார்க்கலாம். எனக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுங்க.”

“எவ்வளவு அவகாசம் வேணும்னாலும் எடுத்துக்கோங்க சாமி. அதுவரைக்கும் தண்ணிக்கு மட்டும் ஒரு வழி பண்ணுங்க.”

மறுவாரமே தேவாலயக் கிணற்றிலிருந்து அவள் வீட்டுக்கு ஒரு குழாய் வந்தது. ஷெட் விஷயம்தான் இழுத்தது. ஒரு கமிட்டி கூடியது, கலைந்தது, இன்னொன்று கூடியது. கமிட்டியில் ஒருவர், கோயில் பக்கத்தில் அது இருப்பது முறையா என்று கேட்டாராம். அப்படியானால் ஞாயிறு திருப்பலிக்கு வரும்போது நீங்கள் எதையும் குடிக்காமல் வாருங்கள் என்றாராம் சாமியார். குடைக்காரர் மூலம் இது சந்து முழுக்கப் பரவியது. அந்தக் காலம் முழுக்க அவள் கதவு திறந்தே இருந்தது.

கடைசியில் கட்டி முடித்தார்கள். ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு இரண்டு. சாமியார் அவளைக் கூப்பிட்டு, பார்த்துக்கொள்ளும் வேலையைத் தரட்டுமா, மாதச் சம்பளம் உண்டு என்றார்.

“வேண்டாம் சாமி. நான் தையல்காரி.”

அந்த வேலைக்கு வந்தவள் நாத்தனார். காபிக் கடை வாடகை சரியாக வரவில்லை என்று பேச்சு. ஒரு நாற்காலியும் சாவிக்கொத்துமாக உட்கார்ந்தாள். இரண்டே நாளில் குடைக்காரரே அவளுக்குப் பயந்து, குடையை மடக்கிக்கொண்டு அவளைக் கடந்தார். கழிப்பறைகள் பளபளவென்று இருந்தன. “தரையைப் பாரு, சோறு போட்டுத் தின்னலாம்” என்று அவள் தையல்காரியிடம் சொன்னபோது, தையல்காரி, “ஆமா அண்ணி” என்றதோடு நிறுத்திக்கொண்டாள்.

கொஞ்ச நாளைக்கு வீடு வெறிச்சென்று இருந்தது. அப்படியொரு மதியத்தில் குடைக்காரர் வாசலில் எட்டிப் பார்த்தார். “இத்தனை வருஷமா நான் உள்ள என்ன கத்துறேன்னு ஒரு தடவையாவது வந்து கேட்டிருக்கீங்களா அக்கா? வாங்க. அண்ணனையும் கூட்டிட்டு வாங்க.”

அன்றைக்குக் கணவனுக்கு லாரி ஓட்டம் இல்லை. இருவரும் கூட்டத்தோடு கூட்டமாகப் பெரிய வாசல் வழியாகப் போனார்கள். ஞாயிறுதோறும் முழங்கால் போட்ட தரைதான். கப்பல் ஆடாமல் இருக்கப் பாரத்துக்காக அடியில் போட்டு வந்த கற்கள் அவை என்று குடைக்காரர் சொன்னார். அவளுக்கு அது தெரியாது. பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனக் கூண்டின் திரை நைந்து போயிருந்ததுதான் அவள் கண்ணுக்குத் தெரிந்தது.

மணிக்கூண்டின் அடியில் குடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். “ஒரு பெரும்புயல் வந்தப்ப, இங்க மணி அடிச்சவர் ராத்திரி பூரா கயிற்றை விடலை. அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் கடல்ல போனவங்க கரை சேர்ந்தாங்க. விடிஞ்சு பார்த்தா அவர் கையில தோலே இல்ல.”

கூட்டம் கயிறு தொங்கிய ஓட்டையை அண்ணாந்து பார்த்தது. ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தையல்காரி கணவனைப் பார்த்தாள். அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

வெளியே வந்ததும் கேட்டாள். “மாமாவா அது? நீங்க சொன்னதே இல்லையே.”

“புயலன்னைக்கு அப்பா வீட்டுலதான் இருந்தார். கட்டிலுக்கு அடியில. நானும் அவர் பக்கத்துலதான் படுத்திருந்தேன்.”

“குடைக்காரர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?”

“எதுக்கு? உயிரோட இருந்தப்ப அவரை யாரு கண்டுக்கிட்டா? அந்தம்மா அழுதுச்சு பாரு. இருக்கட்டும்.”

அடுத்த வாரம் தையல்காரி பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குப் புதுத் திரை தைத்தாள். அளவெடுக்கப் போனபோது, சாமியார் உட்காரும் பக்கத்து மெத்தையும் கிழிந்திருப்பதைப் பார்த்து, அதற்கும் உறை சேர்த்துத் தைத்தாள். ஊதா வேண்டும் என்றார் சாமியார். ஊதா சீக்கிரம் வெளுக்கும் என்று சொல்லி அவள் கருஞ்சிவப்பில் தைத்துக் கொடுத்தாள்.