பொம்மை லாரிக்கு ஒரு மெட்டு

என் மகள் கம்ப்யூட்டரில் லாரி ஓட்டுகிறாள். விளையாட்டுதான். ஓசூரில் ஒரு கம்பெனியின் அசெம்பிளி லைனில் அவளுக்கு வேலை. லைனில் நிற்கும்போது பேசக்கூடாது. வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டதும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு லாரியை எடுப்பாள். ஓட்டிக்கொண்டே பேசுவாள். தமிழில் தொடங்கி, கன்னடத்தில் திட்டி, தெலுங்கில் சிரிப்பாள். அதைப் பதிவுசெய்து தன் சேனலில் போடுவாள். நிஜமாகவே லாரி ஓட்டுகிறவர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் பார்க்கிறார்கள். "சூளகிரி மேட்டுல நானும் இப்படித்தாம்மா கியர் மாத்துவேன்" என்று ஒருவர் எழுதியிருந்தார். நாளெல்லாம் வாய்மூடி நிற்கிற பெண்ணுக்குப் பேச இருந்த இடம் அது ஒன்றுதான்.

அது போய்விடப் பார்த்தது.

அடுத்தவர் பாட்டைப் போட்டதாக முதல் எச்சரிக்கை, விளையாட்டு லாரியின் ரேடியோவால் வந்தது. காசு கொடுத்து வாங்கிய விளையாட்டு, அதற்குள்ளேயே வருகிற பாட்டு, இதில் என்ன தடை என்று நினைத்திருந்தோம். விளையாடும்போது கேட்கலாமாம், பதிவுசெய்து ஊருக்குப் போட்டுக் காட்டக் கூடாதாம். ரேடியோவை அணைத்தாள். இரண்டாவது, எங்கள் தெருவில் ஆடித் திருவிழாவுக்குக் கட்டிய குழாய் ஸ்பீக்கரால் வந்தது. ஒரு சினிமாப் பாட்டு ஜன்னல் வழியாக அவள் மைக்கில் விழுந்திருந்தது. மூன்றாவதும் வந்தால் சேனலையே மூடிவிடுவார்கள்.

நான் பயந்த சுபாவம். வாகன உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். வீட்டிலும் அதே வேலையை ஆரம்பித்தேன். விளையாட்டின் செட்டிங்ஸில் இசையை முழுக்க அணைத்து இன்ஜின் சத்தத்தை மட்டும் விட்டோம். அவள் குரல் ஒரு டிராக்கிலும் விளையாட்டின் சத்தம் இன்னொன்றிலும் பதியும்படி மாற்றினோம். வெளியிலிருந்து பாட்டு மைக்கில் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் வெட்டிவிடலாம். பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் சீரியல் விளக்கு எரிந்தால் அன்று பதிவு கிடையாது. ஒவ்வொரு வீடியோவையும் ஏற்றுவதற்கு முன் நான் முழுக்கக் கேட்பேன்.

"என்னாப்பா, பாஸா ரிஜெக்ட்டா?" என்பாள்.

வெறும் இன்ஜின் சத்தம் அவளுக்குச் சலித்துவிட்டது. "நீயே ஒண்ணு வாசிச்சுக் குடேன்ப்பா" என்றாள். மாதா கோயிலில் ஞாயிறு பூசைக்குக் கீபோர்டு வாசிக்கிறவன் நான். கீபோர்டோடு வருகிற தபேலா ரிதத்தை ஓடவிட்டு, மேலே என் மனதில் வந்த மெட்டை வாசித்தேன். இந்தப் பக்கத்துப் பாடகர் குழுக்களில் பாதிப்பேர் அந்த ரிதத்தைத்தான் போடுவார்கள். வாங்கினவர்கள் வாசிப்பதற்காகத்தான் அதை வைத்திருக்கிறார்கள், கையேட்டிலேயே எழுதியிருக்கிறது.

வீடியோ ஏறிய சிறிது நேரத்தில் உரிமை கேட்டு வந்துவிட்டார்கள். யாரோ ஒரு பக்திப் பாடல் கம்பெனி. அந்த இசை தங்களுடையதாம்.

அவர்களுடைய பாட்டைத் தேடியெடுத்து, அதே ஹெட்போனில் கேட்டேன். தொடங்கியதுமே அதே தபேலா. பிறகு பாட ஆரம்பித்தார்கள். மெட்டு வேறு, ராகம் வேறு, எல்லாமே வேறு. அவர்களும் அதே மாதிரிக் கீபோர்டில் அதே பொத்தானை அமுக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். வீடியோ தளத்தில் பாட்டுகளை ஒப்பிட்டுப் பார்க்கும் எந்திரத்துக்கு அது போதுமாக இருந்தது.

இது இன்னும் எச்சரிக்கை ஆகவில்லை. மெட்டை நீக்கிவிட்டால் முடிந்தது. மறுத்து எழுதினால், அவர்களும் விடாமல் வீடியோவை நீக்கச் சொன்னால், அதுதான் மூன்றாவது எச்சரிக்கை.

மத்தூரிலிருந்து மச்சான் போனில் சிரித்தான். "ஏன் மாமா, பொம்மை லாரி ஓட்டறதுக்குப் போயி கம்பெனிக்காரங்கூட வம்பா? எடுத்துப் போட்டுட்டு வேலையப் பாருங்க."

மகளும் அதையே சொன்னாள். "எடுத்துடலாம்ப்பா. ஒரு டியூன்தான."

"டியூன் யாருது?"

"உன்னுது."

"அப்புறம் எதுக்கு எடுக்கணும்?"

"சேனல் போயிட்டா?"

போனால் போவது அவளுடையது. "உன் வண்டி. நீ சொல்லு" என்றேன்.

அவள் என் மெட்டையும் அவர்கள் பாட்டையும் மாற்றி மாற்றிக் கேட்டாள். பிறகு ஹெட்போனைக் கழற்றினாள். "லைன்ல எவனோ பண்ணின தப்ப எம் பேர்ல எழுதுனாங்க. அப்பவும் வாயத் தொறக்கலப்பா. இங்கயுமா?"

மறுப்புக்கான காரணங்களை நான் சொல்லச் சொல்ல அவள் ஆங்கிலத்தில் தட்டினாள். கடைசியில் ஒரு கட்டம். பொய்யாக மறுத்தால் சேனல் மூடப்படலாம் என்று அதன் பக்கத்தில் எழுதியிருந்தது. "வாசிச்சது நீதான? நீயே டிக் போடு" என்று மவுஸை என் பக்கம் தள்ளினாள். போட்டேன்.

அதன் பிறகு போனில் மெயில் சத்தம் கேட்டாலே தொழிற்சாலையில் கைவேலையை விட்டுவிட்டு எடுத்துப் பார்ப்பேன். ஒருநாள் பதில் வந்தது. உரிமைகோரல் திரும்பப் பெறப்பட்டது. அவ்வளவுதான். வருத்தம் தெரிவிக்கக்கூட அதில் ஒரு வரி இல்லை.

பயம் இன்னும் போகவில்லை. இன்னொரு கம்பெனி நாளைக்கே வரலாம், அதே தபேலாவைப் பிடித்துக்கொண்டு. மகளுக்கும் அது தெரியும். "அடுத்த ட்ரிப்புக்கு ரிதம் இல்லாம வாசிக்கறியா? எதுக்கு ரிஸ்க்?" என்று என் முகத்தையே பார்த்தபடி கேட்டாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

கீபோர்டை எடுத்து வைத்து அதே பொத்தானை அமுக்கினேன். போன முறையைவிட நீளமாக வாசித்தேன். இன்ஜின் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து, இதைக் கூட்டி வைக்கச் சொன்னேன்.