பட்டப்பெயரையும் கேட்கும் ஜூடி சிஸ்டர்

"ஆதாருல கீற பேர் ஏறிடுச்சு. தெருவுல உன்ன இன்னான்னு கூப்புடுவாங்க?"

சீட்டு வாங்க வந்தவர் நெளிவார். ராயபுரத்து ஆஸ்பத்திரியின் பதிவு மேசையில் ஜூடி சிஸ்டர் விடுவதில்லை. பட்டப்பெயர் வெளியே வந்து, கணினியின் குறிப்புக் கட்டத்தில் ஏறிய பிறகுதான் அடுத்தவருக்கு அழைப்பு.

கணினி வந்ததில் அங்கே பாதிப் பேருக்குத் திருப்தியில்லை. ஊசி போடும் வினிதா, "பேஷண்ட் மூஞ்சிய எங்க பாக்குறது? பொட்டிய பாத்துகினே பொழுது பூடுது" என்பாள். கூட்டத்தில் கருத்துக் கேட்டால் ஜூடி சொல்வது வேறு: "மெஷின் நல்லாத்தான் கீது. அதுக்கு நம்ம ஜனங்கள தெரியல, அவ்ளோதான்."

'யானை', 'புயல்', 'காக்கா' என்று அவர் தட்டுவதைப் பார்த்து வினிதா சிரிப்பாள். "சர்க்கஸ் கம்பெனி நடத்துறீங்களா சிஸ்டர்?"

போன வாரம் படகுக்காரர்கள் நெட்டையான ஒருவனைத் தூக்கி வந்தார்கள். கெளுத்தி மீனின் முள் குத்திய கால் தூணாக வீங்கியிருந்தது. காய்ச்சலில் பிதற்றினான்.

"பேரு?"

"ஒசரமா கீறான்னு லைட்டவுசுன்னுதான் கூப்புடுவோம், வேற பேரு தெரியாது" என்றார் படகோட்டி துரை. "நம்ம போட்டுக்குப் புச்சா வந்த ஆளு சிஸ்டர். வூடு எண்ணூர் பக்கம். போனு கடல்ல பூட்ச்சு."

முன்பு எந்த மருந்து அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்ல ஆளில்லை. டாக்டர் சொன்ன பென்சிலினை வினிதா ஊசியில் நிரப்பி, போடத் தயாராக நின்றாள்.

குறிப்புக் கட்டத்திலும் தேட அந்தக் கணினியில் வழியுண்டு. ஜூடி 'லைட்டவுஸ்' என்று தட்டினார். திரையில் வட்டம் சுற்றியது.

"வா நைனா, சீக்கிரம் வா."

வந்தது. சைமன், எண்ணூர், பக்கத்தில் படம். திரையைத் துரை பக்கம் திருப்பினார்.

"இவனா பாரு."

"அவனேதான்."

படத்துக்குக் கீழே சிவப்பில் ஒரு வரி: பென்சிலின் போட்டதும் மூச்சுத் திணறல்.

"வினிதா, கைய எடு. டாக்டர், இத பாருங்க."

டாக்டர் படித்தார்; உடனே மருந்தை மாற்றினார். அன்று மாலையே சைமன் எழுந்து உட்கார்ந்து, டீயில் சர்க்கரை போதவில்லை என்று சண்டை போட்டது பிறகு நடந்த கதை. மருந்து மாறிய அந்த நேரத்தில், வாசலில் நின்ற படகுக்காரர்கள் விசிலடித்தார்கள்.

"இப்பவாச்சும் மெஷின் மேல முழுத் திருப்தியா சிஸ்டர்?" என்ற வினிதா, போடாத ஊசியை இன்னும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"ஸ்லோவாத்தான் கீது" என்றபடி எழுந்த ஜூடி, அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து ஊசியை வாங்கினார். வேண்டாத ஊசிகளை வெட்டும் பெட்டிக்குள் அதன் முனையை நுழைத்து, ஒரே அழுத்தாக அழுத்தினார்.